25 டிகிரி என்ற எண்: பழ மண இரசாயனங்கள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

ஐஸ்கிரீம், மிட்டாய், பிஸ்கட், சிரப் ஆகியவற்றில் சேர்க்கப்படும் பழ மண இரசாயனங்களைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிடேட் என்னும் எஸ்டர் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் சேர்மம்) எளிதில் தீப்பற்றக்கூடியது என்று அதில் வந்த ஒரு வரியைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். சிறு தொழில் நடத்துகிறவர்களின் கடிதங்களே அதிகம். எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: நான் ஐஸ்கிரீம் தயாரிக்கிறேன். வாழை எசன்ஸை நாங்களே கலந்துகொள்வதற்காக ஐசோஅமைல் அசிடேட்டை 25 லிட்டர் கேனில் வாங்குகிறோம். அதனுடன் வந்த பாதுகாப்புத் தரவுத் தாளில் தீப்பற்று நிலை 25 டிகிரி செல்சியஸ் என்றும், தானே தீப்பற்றும் வெப்பநிலை 360 டிகிரி என்றும் இருக்கிறது. இவற்றில் எதை நம்பி நடப்பது?
(வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டும் உண்மை. இரண்டும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. நெருப்போ பொறியோ இல்லாமல் சூட்டினால் மட்டுமே அந்தத் திரவத்தின் ஆவி எரியத் தொடங்கும் வெப்பநிலை 360 டிகிரி. பக்கத்தில் ஒரு சுடரோ பொறியோ இருந்தால் பற்றிக்கொள்ளும் அளவுக்குத் திரவத்தின் மேற்பரப்பிலிருந்து ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை 25 டிகிரி. உங்கள் அன்றாட வேலையில் முக்கியமானது இந்த இரண்டாவது எண்தான்.

ஆண்டின் பெரும்பகுதி குளிராக இருக்கும் நாடுகளில் 25 டிகிரி என்பது வெப்பமான நாளின் வெப்பநிலை. அங்கே கிடங்கு 15 டிகிரியில் இருக்கும்போது இந்தத் திரவம் ஓரளவு அடங்கிக் கிடக்கும். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களை விட்டுவிட்டால், தமிழ்நாட்டில் தகரக் கூரையின் கீழ் உள்ள ஒரு தயாரிப்புக் கூடம் பகல் நேரத்தில் 25 டிகிரிக்குக் கீழே இருப்பது அபூர்வம். ஆகவே, ஏதோ ஒரு சூழ்நிலையில் மட்டும் ஆபத்தாக மாறக்கூடிய பொருள் என்று இதை நாம் எண்ண முடியாது. நம் ஊரில் கேனைத் திறந்த கணத்திலேயே இது எரியக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், மண்ணெண்ணெயின் தீப்பற்று நிலை 35 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் கணக்கில் பார்த்தால் வாழை எசன்ஸின் மூலப்பொருள் மண்ணெண்ணெயைவிடச் சுலபமாகப் பற்றக்கூடியது. மண்ணெண்ணெய் டின்னை அடுப்பருகே வைக்க யாருக்கும் மனம் வராது. பழ மணம் வீசும் கேனை வைக்க மட்டும் கை கூசுவதில்லை. உணவில் சேர்க்கிற பொருள் என்ற நினைப்பே நம்மை அசட்டையாக்கிவிடுகிறது.

இன்னும் சில எண்களையும் மனத்தில் வைத்திருங்கள். காற்றில் இதன் ஆவி ஏறத்தாழ 1 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதம் வரை கலந்திருந்தால் எரியும். 35 டிகிரி வெப்பத்தில் மூடிய கேனுக்குள், திரவத்துக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் ஆவியின் அளவு சுமார் 1.3 சதவீதம், அதாவது அந்த வரம்புக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் டாங்கிக்குள் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் உள்ளே இருக்கும் கலவை எரியும் வரம்பைத் தாண்டிப் போய்விடும். பாதி காலியான உங்கள் கேனுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. மேலும் இந்த ஆவி காற்றைப்போல் ஏறத்தாழ நான்கரை மடங்கு கனமானது. அது கூரைக்குப் போகாமல் தரையோடு படர்ந்து, வாசற்படியைத் தாண்டி, அடுத்த அறையில் எரியும் அடுப்பு வரை போய்ச் சேரும். அங்கே பற்றும் தீ ஆவியின் தடத்தைப் பிடித்துக்கொண்டு கேனுக்கே திரும்பி வரும்.

எனவே, உற்பத்தி நடக்கும் அறையில் அன்றைய தேவைக்கு உரியதை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை வெயில் படாத, தரைமட்டத்தில் காற்றோட்டம் உள்ள, அடுப்பும் மின்மோட்டாரும் இல்லாத தனி அறையில் வையுங்கள். ஜன்னல் மட்டும் இருந்தால் போதாது. ஆவி கீழே தங்குவதால், சுவரின் அடிப்பகுதியில் வலையடித்த திறப்புகள் வெளிப்புறமாக இருக்க வேண்டும். விளக்குச் சுவிட்சு அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் கேக் செய்வதற்காக 20 மில்லி பைனாப்பிள் எசன்ஸ் பாட்டில் வைத்திருக்கிறேன். அதற்கும் இவ்வளவு பயப்பட வேண்டுமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். கடையில் விற்கும் எசன்ஸில் மண இரசாயனம் சிறிதளவே இருக்கும். மீதியெல்லாம் பெரும்பாலும் புரோப்பைலீன் கிளைக்கால் என்னும் கரைப்பானும் நீருமே. புரோப்பைலீன் கிளைக்காலின் தீப்பற்று நிலை 100 டிகிரியை ஒட்டியது. சில எசன்ஸ்களில் மட்டும் எரிசாராயம் கரைப்பானாக இருக்கும். லேபிளில் அப்படிக் குறிப்பிட்டிருந்தால் எரியும் அடுப்புக்கு மேல் பாட்டிலைக் கவிழ்க்காமல், பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சேருங்கள். வீட்டில் நான் அதிகம் கவலைப்படுவது குழந்தைகளைப் பற்றித்தான். மணம் இனிப்பாக இருப்பதால் குடித்துப் பார்க்கத் தோன்றும். அவர்கள் கைக்கு எட்டாத அலமாரியில், வாங்கிய பாட்டிலிலேயே வையுங்கள்.

கேள்வி: பழ மிட்டாய் செய்கிறோம். பாகு கொதித்துக்கொண்டிருக்கும்போதே எசன்ஸைச் சேர்த்தால்தான் நன்றாகக் கலக்கிறது என்று எங்கள் மாஸ்டர் சொல்கிறார். சேர்க்கும்போது சில சமயம் ‘புஸ்’ என்று புகை கிளம்புகிறது. இது சரிதானா?
(மிட்டாய்த் தயாரிப்பாளர், சேலம்)

பதில்: சரியல்ல. இந்தக் கடிதத்துக்குத்தான் முதலில் தொலைபேசியில் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கெட்டி மிட்டாய்க்கான பாகு சுமார் 150 டிகிரி வரை ஏறுகிறது. ஐசோஅமைல் அசிடேட்டின் கொதிநிலை 142 டிகிரி. பைனாப்பிள் மணத்துக்குப் பயன்படும் எத்தில் பியூட்டிரேட்டின் கொதிநிலை 121 டிகிரி. கொதிநிலையைவிடச் சூடான பாகில் ஊற்றிய மறுகணம் அந்தத் திரவம் முழுவதும் ஆவியாகிச் சீறுகிறது. நீங்கள் ‘புகை’ என்று எழுதியிருப்பது புகையல்ல, எரியக்கூடிய ஆவி. அது அண்டாவின் விளிம்பைத் தாண்டி வழிந்து இறங்கும் இடத்தில்தான் உங்கள் கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இதுவரை பற்றாமல் இருந்ததற்குக் காற்று வீசிய திசையும் ஊற்றிய அளவும் துணை நின்றிருக்கலாம். இரண்டும் ஒருநாள் மாறும்.

தொழில் கணக்கிலும் இது நட்டம். வாங்கிய மணத்தில் கணிசமான பங்கு மிட்டாயில் சேராமல் காற்றில் போகிறது. அதை ஈடுகட்ட மாஸ்டர் இன்னும் அதிகமாக ஊற்றுகிறார். அதனால் ஆபத்தும் கூடுகிறது.

பாகை இறக்கி, எண்ணெய் தடவிய மேசையில் பரப்பி, ஓரங்கள் சுருண்டு மடிக்கும் பதத்துக்கு வந்த பிறகு நிறத்தையும் மணத்தையும் சேர்த்து மடித்துப் பிசைவதே பழைய மிட்டாய்க்காரர்களின் முறை. அப்போது பாகின் சூடு வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த மேசை அடுப்பிலிருந்து தள்ளி, முடிந்தால் வேறு அறையில் இருக்கட்டும். மணத்தைத் தனியாக ஊற்றாமல், முன்கூட்டியே புரோப்பைலீன் கிளைக்காலில் கலந்து வைத்துக்கொண்டால் ஆவியாவது குறையும், அளவும் பிசகாது. கேனை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தடவைக்குத் தேவையானதை மூடியுள்ள சிறு எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்துச் சென்றால் போதும். ஒரு கிலோ பண்டத்துக்குத் தேவைப்படுவது மில்லிகிராம் கணக்கில்தான் என்பதால், உற்பத்தி மேசையருகே லிட்டர் கணக்கில் இது நிற்பதற்குக் காரணமே கிடையாது.

கேள்வி: டிரம்மிலிருந்து சிறிய பாட்டிலுக்கு மாற்றுவதற்குப் பிளாஸ்டிக் மக்கும், மண்ணெண்ணெய் உறிஞ்சும் கைப்பம்பும் பயன்படுத்துகிறோம். எந்தப் பாத்திரம் நல்லது? கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது?
(எசன்ஸ் விற்பனையாளர், மதுரை)

பதில்: ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்து அதன்மேல் இந்த எஸ்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீர்போல உருண்டு ஓடாது. விழுந்த இடம் உடனே குழிந்து, இளகி, பிசினாகி விரலில் ஒட்டும். பிளாஸ்டிக்கில் எல்லாம் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சோதனை இல்லை. தெர்மாகோலின் மூலப் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும் இந்தத் திரவம் பி.வி.சி. குழாயை இளக்கும், ரப்பர் வாஷரை ஊதிப் பெருக்கச் செய்யும். கைப்பம்பின் வால்வு ஒருநாள் மூடாமல் போய், நீங்கள் பார்க்காத நேரத்தில் திரவம் வடிந்துகொண்டே இருக்கும். கண்ணாடி, எவர்சில்வர், அலுமினியம் ஆகியவை நல்லவை. எச்.டி.பி.இ. என்னும் அடர்த்தியான பாலித்தீன் கேன்களில் சரக்கு வருவதுண்டு என்றாலும், நீண்ட நாள் சேமிப்புக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. மூடியின் உட்புறம் டெஃப்லான் வாஷர் இருக்கட்டும்.

ஊற்றும் முறையில் கூடுதல் கவனம் வேண்டும். திரவம் குழாய் வழியே ஓடும்போதும் உயரத்திலிருந்து விழும்போதும் நிலைமின்னூட்டம் சேர்கிறது. பனிக்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது ‘சடசட’ என்று கேட்குமே, அதே மின்னூட்டம்தான். டிரம் உலோகமாகவும், வாங்கும் பாத்திரமும் உலோகமாகவும் இருந்து, இரண்டுக்கும் இடையில் கம்பித் தொடர்பு இல்லாவிட்டால், ஒன்றை ஒன்று தொடும் கணத்தில் பொறி பறக்கலாம். அந்த இடத்தில்தான் ஆவியும் அடர்த்தியாக இருக்கும். ஆகவே டிரம்மை எர்த் கம்பியுடன் இணையுங்கள். டிரம்மிலிருந்து வாங்கும் பாத்திரத்துக்கு இரு முனையிலும் கிளிப் உள்ள செம்புக் கம்பியைப் பூட்டுங்கள். பெயிண்ட் பூசிய இடத்தில் கிளிப்பை மாட்டினால் பயனில்லை, பளபளக்கும் வெறும் உலோகத்தை அது கடித்திருக்க வேண்டும். உலோகப் புனலின் கால் பாத்திரத்தின் அடியைத் தொடும்படி வைத்து, மெல்லிய தாரையாக, சுவரோடு வழியுமாறு ஊற்றுங்கள். ஊற்றி முடித்து மூடியை இறுக்கிய பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் மக்கில் சேரும் மின்னூட்டம் எர்த் வழியே போகாது என்பதால் அதை இந்த வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள்.

கெட்டுப்போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எஸ்டர்களுக்குப் பகை ஈரம். காலப்போக்கில் நீர் பட்டுச் சிதையும்போது ஐசோஅமைல் அசிடேட்டிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரிந்து வினிகர் நெடி தலைகாட்டும். எத்தில் பியூட்டிரேட் சிதைந்தால் பியூட்டிரிக் அமிலம் உண்டாகி, கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் வரும். அமிலமும் காரமும் இந்தச் சிதைவை விரைவுபடுத்தும். பாட்டில் கழுவ வைத்திருக்கும் காஸ்டிக் சோடாவையும், தரை கழுவும் பிளீச்சிங் பவுடரையும் இதே அலமாரியில் வைக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் ஆக்சிஜனேற்றி, அதாவது பிற பொருள்கள் எரிவதைத் தூண்டக்கூடியது. எரியக்கூடிய கரிமத் திரவம் அதில் கொட்டினால் கலவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

கேள்வி: கேனைக் குளிர்ச்சியாக வைத்தால் ஆபத்து குறையும் என்கிறார்களே, வீட்டுப் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: குளிர்ந்தால் ஆவி குறையும் என்பது உண்மை. 4 டிகிரியில் ஐசோஅமைல் அசிடேட்டின் ஆவி எரியும் வரம்பை எட்டாது. ஆனால் மின்சாரம் சில மணி நேரம் நின்றுவிட்டால் ஃபிரிட்ஜின் உட்புறம் அறையின் சூட்டுக்கு வந்துவிடும். மின்சாரம் திரும்பும்போது தெர்மோஸ்டாட்டும் விளக்குச் சுவிட்சும், காற்றுப் புகாத அந்தப் பெட்டிக்குள்ளேயே சிறு பொறியை உண்டாக்கும். மூடி சரியாக இல்லாத பாட்டில் ஒன்று உள்ளே இருந்தால் போதும். எத்தில் அசிடேட் கலந்த எசன்ஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதன் தீப்பற்று நிலை பூச்சியத்துக்குக் கீழே 4 டிகிரி என்பதால், மின்சாரம் இருக்கும்போதும் ஃபிரிட்ஜின் குளிர் அதை அடக்காது. ஆய்வுக்கூடங்களில் இதற்கென்றே உட்புறத்தில் பொறி உண்டாகாதபடி செய்த குளிர்பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அது இல்லாதபோது நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையே போதுமானது. ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே உள்ள உணவுப் பொருள்கள் அனைத்திலும் வாழை மணம் ஏறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலி டிரம்களைப் பாதியாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்க வெல்டிங் பட்டறைக்குக் கொடுக்கிறோம். ‘காலிதானே’ என்று பட்டறைக்காரரும் எதுவும் கேட்பதில்லை. ஏதாவது செய்துவிட்டுக் கொடுக்க வேண்டுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: தயவுசெய்து இந்த வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். திரவம் நிறைந்த டிரம்மைவிட, திரவத்தை வடித்துவிட்ட டிரம் அதிக ஆபத்தானது. அடியில் ஈரமாக ஒட்டியிருக்கும் கொஞ்ச எஸ்டர் ஆவியாகி உள்ளேயிருக்கும் காற்றோடு கலந்து, முதல் பதிலில் சொன்ன 1 முதல் 7.5 சதவீத வரம்புக்குள் நிற்கிறது. மூடிய இரும்புக் கூட்டுக்குள் அந்தக் கலவை பற்றும்போது அது எரிவதில்லை, வெடிக்கிறது. டிரம்மின் அடித்தட்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். அதன் எதிரே குனிந்து நிற்பவர் வெல்டர். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 37ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொன்னது. தீப்பற்றும் பொருள் இருக்கிற அல்லது இருந்த எந்தக் கலத்தையும், அந்தப் பொருளையும் அதன் ஆவியையும் நீக்கவோ தீங்கற்றதாக்கவோ போதிய ஏற்பாடு செய்யாமல் வெல்டிங் செய்யவோ வெப்பம் செலுத்தி வெட்டவோ கூடாது. ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசுவது ஏற்பாடு ஆகாது, ஏனென்றால் இந்த எஸ்டர் நீரில் மிகச் சிறிதளவே கரையும். டிரம்களை மூடியிட்டு, லேபிளைக் கிழிக்காமல், சரக்குத் தந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அல்லது டிரம்களை முறையாகச் சுத்தம் செய்யும் அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். குடிநீர் பிடிக்க இவை எந்த நிலையிலும் உதவா.

கேள்வி: சென்னை பாரிமுனையில் 5 லிட்டர் கேன் வாங்கி, கட்டைப்பையில் போட்டு ரயிலில் கொண்டுவருவது வழக்கம். இதுவரை யாரும் தடுக்கவில்லை.
(வாசகர், விழுப்புரம்)

பதில்: தடுக்காதது அனுமதி ஆகாது. அமைல் அசிடேட்டுகள் போக்குவரத்தில் ஐ.நா. எண் 1104 என்று குறிக்கப்படும், 3ஆம் வகுப்பு எரியும் திரவங்கள். கேனில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் வரைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பயணிகள் பெட்டியில் இத்தகைய பொருளைக் கொண்டுவருவது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையப் பகுதியில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தது நம் நினைவில் இருக்கிறது. பேருந்தின் லக்கேஜ் அறையும் இதற்கு இடமல்ல. விற்பவரிடமே ஆபத்தான சரக்குகளை ஏற்றிச் செல்லும் லாரி சர்வீஸ் வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: நாள் முழுவதும் இந்த மணத்திலேயே வேலை செய்கிறோம். மாலையில் தலைவலி வருகிறது. கொஞ்ச நேரத்தில் மணமே தெரியாமல் போய்விடுகிறது. உடம்புக்குக் கெடுதலா?
(பெண் ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: மணம் போய்விடவில்லை, உங்கள் மூக்கு அதற்குப் பழகிவிட்டது. இந்த எஸ்டரை மிகக் குறைந்த அளவிலேயே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால்தான் தொழிற்சாலை முகக்கவசங்கள் முகத்தில் சரியாகப் பொருந்துகின்றனவா என்று சோதிக்க இதே வாழை மணத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் தொடர்ந்து முகரும்போது உணர்வு மழுங்கும். ஆகவே உள்ளே இருப்பவரின் மூக்கை நம்பக் கூடாது, வெளியிலிருந்து புதிதாக வருபவர் சொல்வதே சரியான அளவுகோல். வேலையிடக் காற்றில் ஐசோஅமைல் அசிடேட்டுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக அமெரிக்காவில் சட்டப்படி உள்ள வரம்பு பத்து லட்சத்தில் 100 பங்கு. அந்நாட்டுத் தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைப்பது அதில் பாதி. கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி, மயக்கம் ஆகியவை ஆவி அதிகமாகிவிட்டது என்பதன் அறிகுறிகள். தலைவலித் தைலம் தேடுவதற்குப் பதிலாக, எக்ஸாஸ்ட் ஃபேனைத் தரைமட்டத்தை ஒட்டிப் பொருத்தும்படி உங்கள் முதலாளியிடம் கேளுங்கள். அந்த ஃபேனின் மோட்டார் பொறி வெளிவராத வகையாக இருக்க வேண்டும்.

மெல்லிய நீல நிற நைட்ரைல் கையுறை தெறிப்பிலிருந்து கொஞ்ச நேரம் காக்கும், அவ்வளவே. நனைந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். நீண்ட நேரம் கையாளுவதற்குப் பியூட்டைல் ரப்பர் கையுறை ஏற்றது. உங்கள் கூடத்தில் வெண்ணெய் மண எசன்ஸும் கலக்கிறார்கள் என்றால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிலுள்ள டைஅசிட்டைல் என்ற பொருளின் ஆவி நுரையீரலின் நுண்குழாய்களைத் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி அடைத்துவிடும் என்பது, 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் எட்டுப் பேருக்கு நோய் கண்டதையடுத்து நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அந்தப் பொருளைத் திறந்த பாத்திரத்தில், முகக்கவசம் இல்லாமல் கலக்கவே கூடாது. இருமலும் மூச்சிரைப்பும் தொடர்ந்தால், என்ன பொருளோடு வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் பெயர் சொல்லித் தெரிவியுங்கள்.

கேள்வி: கேன் சாய்ந்து கொட்டிவிட்டால் முதலில் என்ன செய்வது? தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?
(சிறு தொழில் உரிமையாளர், திண்டுக்கல்)

பதில்: முதலில் அடுப்பை அணையுங்கள். சுவிட்சைத் தொடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் ஓடட்டும், நின்றிருக்கும் ஃபேனைப் போட வேண்டாம், ஏனென்றால் சுவிட்சு போடும்போதும் அணைக்கும்போதும் பொறி உண்டாகிறது. கதவு ஜன்னல்களைத் திறந்து, வேலை இல்லாதவர்களை வெளியே அனுப்பிவிட்டு, உலர்ந்த மணலைக் கொட்டி உறிஞ்சவிடுங்கள். மரத்தூள் வேண்டாம், அதுவே எரியும். நனைந்த மணலையும் துணியையும் பொறி எழுப்பாத தட்டால் வாரி, மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே நிழலில் வையுங்கள். தண்ணீர் விட்டுச் சாக்கடைக்குத் தள்ளுவதுதான் பலரும் செய்யும் காரியம். இந்தத் திரவம் நீரைவிட இலேசானது, நீரின் மேலே மிதந்து சாக்கடை வழியே தெருக்கோடி வரை போய், யாரோ எறிந்த பீடித் துண்டில் பற்றும்.

அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு. ஒரு லிட்டர் ஐசோஅமைல் அசிடேட் முழுவதும் ஆவியானால் சுமார் 165 லிட்டர் ஆவி கிடைக்கும். அது 16 கன மீட்டர் காற்றை எரியும் வரம்புக்குக் கொண்டுவரப் போதும். பத்தடிக்குப் பத்தடி அறையில், பத்தடி உயரத்துக்கு இருப்பது 28 கன மீட்டர். கனமான ஆவி அறை முழுவதும் பரவாமல் முழங்கால் உயரத்தில் அடர்ந்து நிற்பதால், ஒரு லிட்டருக்கும் குறைவாகக் கொட்டினாலே தரையை ஒட்டிய பகுதி ஆபத்தான நிலைக்கு வந்துவிடும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதையும், ஆயுத பூஜையன்று இயந்திரங்களுக்குக் கற்பூரம் காட்டுவதையும் விட்டுவிடச் சொல்லமாட்டேன். சேமிப்பு அறைக்கு மட்டும் வாசலுக்கு வெளியிலேயே, கேன்கள் எல்லாம் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, தள்ளி நின்று செய்யுங்கள்.

தீப்பிடித்தால் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. எரியும் திரவம் நீரின் மேல் மிதந்து அறை முழுவதும் பரவும். உலர் இரசாயனப் பவுடர், கார்பன் டைஆக்சைடு, ஆல்கஹாலைத் தாங்கும் நுரை ஆகியவை ஏற்றவை. அணைப்பானை அறைக்குள் மாட்டாமல், வெளியேறும் வாசலை ஒட்டி மாட்டுங்கள். கதவு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, தீயின் அடியைக் குறிவைக்க வேண்டும். ஒரு அணைப்பான் தீர்ந்தும் அடங்காவிட்டால் வெளியேறி, 101 அல்லது 112க்கு அழையுங்கள். எரிவது என்ன இரசாயனம், எத்தனை லிட்டர் என்பதை அழைப்பிலேயே சொல்லிவிட்டால், தீயணைப்பு வீரர்கள் நுரையோடு வருவார்கள். பக்கத்துக் கேன்களைக் குளிர்விக்க எட்ட நின்று தண்ணீர் தெளிப்பதில் தவறில்லை.

கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளிவரும்போது திரவம் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை கடுமையாகிவிடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108ஐ அழைத்து, பாட்டிலின் லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: பேக்கரியின் பின்புறத்தில் தேனீப் பெட்டிகளும் வைத்திருக்கிறேன். வாழை எசன்ஸ் கலக்கும் நாளில் தேனீக்கள் ஆவேசமாகக் கொட்டுகின்றன. தற்செயலா?
(வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தற்செயல் என்று தோன்றவில்லை. தேனீ கொட்டும்போது தன் கூட்டத்துக்கு அபாய அறிவிப்பாக வெளியிடும் வேதிப்பொருள்களில் முதன்மையானது இதே ஐசோஅமைல் அசிடேட்தான் என்று 1962ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். நீங்கள் எசன்ஸ் கலக்கும்போது பெட்டிகளுக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேர்கிறது என்றே கொள்ள வேண்டும். கலக்கும் இடத்தைக் காற்று பெட்டிகளின் பக்கம் வீசாத திசைக்கு மாற்றுங்கள், அல்லது பெட்டிகளைத் தோட்டத்தின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். எசன்ஸ் பட்ட சட்டையோடும் கையோடும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளித்து உடை மாற்றிய பிறகு, மறுநாள் காலையில் திறப்பது நல்லது. தேனீக்களை அடக்கப் புகைப்பான் மூட்டும் வழக்கம் உங்களுக்கு இருக்கும். எசன்ஸ் கேன் இருக்கும் அறைக்கு அருகில் வைத்து அதை மூட்டாமல், தோட்டத்திலேயே மூட்டி, தோட்டத்திலேயே அணைத்துவிட்டு வாருங்கள்.